யார் கண்ணையும் உறுத்தாத காலண்டர்

கண்டியில் இருக்கும் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு நாள் போன் செய்து, "இங்க ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு மாப்ள, வந்து படம் எடுத்துக் குடு" என்றார். அவருக்குக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். நான் தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். கலங்கரை விளக்கம் என்பது சின்ன வயதிலிருந்து பார்த்துச் சலித்த சாமான். கண்டியோ நாலு பக்கமும் மலை, நடுவில் ஓர் ஏரி. அங்கே கப்பல் வர வேண்டுமென்றால் அது முதலில் மலையேறப் பழக வேண்டும்.

கலவரம் முடிந்து ஊர் அடங்கியிருந்த காலம் அது. அடங்கியிருந்தது என்றால், வடக்கே சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது, கண்டியில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். இந்த நேரத்தில் போக வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். அக்காவைப் பார்த்து வருடக்கணக்காகிறது என்றேன். டிக்கெட் அத்தான் செலவு என்பதையும் சொன்னேன். இரண்டில் எது என்னைக் கிளப்பியது என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் போனேன் என்பதைச் சொல்லி உங்களைச் சலிக்க வைக்கப் போவதில்லை. போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் காலையில் பாண் என்ற பேக்கரி ரொட்டி வைத்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டி வாங்கிக்கொண்டு போனால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெருவே விசாரிக்கும். இங்கே நல்ல ஆரோக்கியமான ஆட்கள் மூன்று வேளையும் அதைத் தேங்காய்ச் சம்பலில் புரட்டிச் சாப்பிடுகிறார்கள். மூன்றாவது துண்டில் நானும் நோயாளி என்ற நினைப்பை விட்டுவிட்டேன். அக்கா நாற்காலியைக் கதிரை என்கிறாள், அலமாரியை அலுமாரி என்கிறாள், பால்காரனோடு சிங்களத்தில் சண்டை போடுகிறாள். தமிழில் அவள் போட்ட சண்டைகளைவிட அது நன்றாகவே இருந்தது. ஆனால் வாசலுக்குப் போகும்போது நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டு போகிறாள், உள்ளே வந்ததும் மறுபடி வைத்துக்கொள்கிறாள். அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை பொட்டு செலவு என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அத்தானுக்கு நகரத்தில் ஆணி, பெயின்ட், பூட்டு விற்கும் கடை. எழுபத்தேழில் ஒரு தடவை எரித்தார்கள், எண்பத்து மூன்றில் ஒரு தடவை. முதலில் கடைக்கு வேல்முருகன் ஸ்டோர்ஸ் என்று பெயர். முதல் தீக்குப் பிறகு வி.எம். ஸ்டோர்ஸ் ஆனது. இரண்டாவது தீக்குப் பிறகு வெறும் ஸ்டோர்ஸ். இன்னொரு தடவை எரித்தால் பலகையே இருக்காது போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எது அதிகம் விற்கிறது என்று கேட்டேன். பூட்டு என்றார்.

கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பது அந்த ஊர்க் கடைகளின் வழக்கம். கொடுக்காத கடை நொடித்துப்போய்விட்டது என்று பேசுவார்கள். கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் எந்தப் படத்தைப் போடுவது? அத்தான் ராத்திரி தூக்கமில்லாமல் இதை யோசித்திருக்கிறார். முருகன் கூடாது, கடை யாருடையது என்று சுவரில் எழுதி ஒட்டின மாதிரி. புத்தர் கூடவே கூடாது; தமிழன் புத்தருக்குக் கீழே ஆணி விலை போட்டான் என்று ஆரம்பித்தால் அன்றைக்கே கடை போய்விடும். மயில், சேவல் இரண்டும் முருகனுடைய ஆட்கள். யானை புத்தர் கோயில் பெரஹரா ஊர்வலத்துக்குப் போகிறது, சிங்கம் நாட்டுக் கொடியில் இருக்கிறது. பனைமரம் யாழ்ப்பாணம். சிரிக்கிற குழந்தை போடலாமே என்றேன்.

"எந்தச் சாதிக் குழந்தைன்னு கேப்பானே?" என்றார். இலங்கையில் சாதி என்றால் இனம் என்றும் ஒரு பொருள் உண்டு.

பூனைக்குட்டி?

"பூனை எந்தக் குடும்பம் மாப்ள? நீயே சொல்லு."

புலிக் குடும்பம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ஒரு பல் டாக்டரின் அறையில், வலியோடு உட்கார்ந்திருந்தபோது, ஏதோ வெளிநாட்டுக் காலண்டர் அத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. பனி மூடிய ஏரிக்கரையில் ஒரு கலங்கரை விளக்கம். அதற்கு மதமில்லை, மொழியில்லை, யாருடைய கொடியிலும் அது கிடையாது. அத்தானுக்குப் பல்வலி அங்கேயே பாதி குறைந்துவிட்டதாம். அதே மாதிரி ஒன்று இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது என்று அவருடைய வேன் டிரைவர் ரஸீன் பிறகு சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வேலை பார்த்துவிட்டுத் தேயிலைத் தோட்டம் போட வந்த ஒரு துரை, கடல் ஞாபகத்தில் தோட்டத்துக் குளத்தின் கரையில் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டுச் செத்துப்போனான். எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். கலஹாவுக்கு மேலே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினோம். தூத்துக்குடிக்காரனுக்குக் குளிர் என்பது செய்தித்தாளில் படிக்கிற விஷயம். அத்தானின் குரங்குக் குல்லா, அக்காவின் ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு கம்பளி என்று நான் வேனில் ஏறி உட்கார்ந்தபோது, ரஸீன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வட துருவத்துக்குப் போவதென்றால் டீசல் போதாது என்றார். அவர் கண்டியில் பிறந்து வளர்ந்த முஸ்லிம், மூன்று மொழியிலும் கேலி பேசக் கூடியவர்.

பேராதனை தாண்டிச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கேமரா ஸ்டாண்டை அக்கா பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்திருந்தாள். நீளமாக, மூன்று காலோடு, துணியில் சுற்றிய ஒரு பொருளைச் சோதனைச் சாவடிக்குள் கொண்டுபோவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அப்போதுதான் புரிந்தது. சிப்பாய் அதைத் தொடாமல் என்னையே பிரிக்கச் சொன்னான். பிரித்துக் காட்டியதும் அவன் முகம் மாறிவிட்டது. சின்னப் பையன், மீசை இனிமேல்தான் வர வேண்டும். ரஸீன் அவன் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்: தன்னை ஒரு படம் எடுக்க முடியுமா, அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். சரி என்று கேமராவை நிறுத்தினேன். அவன் ஓடிப்போய்த் துப்பாக்கியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றான். துப்பாக்கியோடு பார்த்தால் அம்மா பயப்படுவாளாம். மணல் மூட்டையும் தெரியக் கூடாதாம். பின்னால் இருந்த பூவரசம் செடியை மட்டும் சேர்த்து எடுத்தேன். படத்தில் ஏதோ தோட்டக்காரன் மாதிரி விழுந்தான்.

வேன் போக முடியாத இடத்தில் ரஸீன் நின்றுகொண்டார். மிச்ச மலையை ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஏறினேன். வழியெல்லாம் அட்டை. நம் ஊரில் கொசு கடித்தால் சத்தம் போட்டுவிட்டுக் கடிக்கும். இது மரியாதையாக, வலிக்காமல், காலுறைக்குள் போய்க் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. மேலே போனதும் குளம் தெரிந்தது. கரையில் அந்தத் துரையின் ஆசை நின்றது. எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கத்தில் பாதி உயரம்கூட இல்லை. வெள்ளையடித்த காலம் போய்ப் பாசி பிடித்து, உச்சியில் கம்பி போட்ட சுற்று நடையும் கண்ணாடி உடைந்த கூண்டும். ரோட்டைப் பார்த்த பக்கம் ஜன்னலெல்லாம் பலகை அடித்து, கதவில் ஒரு பெரிய பூட்டு. எங்கே வாங்கின பூட்டோ தெரியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து படம் சரிவராது. தண்ணீரில் நிழல் விழ வேண்டுமானால் குளத்தைச் சுற்றிப் பின்பக்கக் கரைக்குப் போக வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத கரை, புதர்களுக்கு நடுவே ஸ்டாண்டை நிறுத்தினேன். வெயில் பளிச்சென்று இருந்தது. அத்தானுக்கு வேண்டியது பனிமூட்டம். காத்திருந்தேன். லென்ஸில் மூச்சுக்காற்று பட்டு மங்க, துடைக்க, மறுபடி மங்க, இப்படியே பொழுது போனது. மேலே நடையில் நாலைந்து துணிகள் காய்ந்ததை அப்போதுதான் கவனித்தேன். கீழே ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது, வாசலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், ஒரு கோழி மேய்ந்தது. காவல்காரன் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மலைக்குப் பின்னாலிருந்து பனி இறங்கியது. அது இறங்கிய அந்த நேரத்திலேயே கோபுரத்தின் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது, யாரோ ஜாடை காட்டிவிட்ட மாதிரி. ஒரு பெண் நடைக்கு வந்து துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். சிவப்புச் சேலை, ஒரு கை கம்பியில், ஒரு கை மேலே. பின்னால் முழுக்க வெள்ளை. என் வாழ்க்கையில் எத்தனையோ கல்யாணத்துக்குப் படம் எடுத்திருக்கிறேன், எத்தனையோ பிணத்துக்கும் எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு படம் என் கேமராவுக்குள் வந்ததில்லை. அமுக்கினேன். அந்த ஒரே சட்டத்தில் எல்லாம் இருந்தது, எனக்கே தெரிந்தது. அடுத்ததற்குச் சுற்றுவதற்குள் பனி கோபுரத்தை முழுக்க விழுங்கிவிட்டது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் கரையைச் சுற்றிப் போவதற்குள் கீழே வந்து கதவருகே நின்றாள். பெயர் ராமாயி. நான் தமிழில் பேசியதும் மூச்சு விட்டாள். கையில் கத்தி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். எந்த ஊர் என்றாள். தூத்துக்குடி என்றதும் உள்ளே கூப்பிட்டு, சர்க்கரையைக் கையில் கொடுத்துக் கறுப்புத் தேநீர் கொடுத்தாள். அதைக் கடித்துக்கொண்டே இதைக் குடிக்க வேண்டும். அவளுடைய பாட்டன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவராம். கிழவர் அவளுடைய மாமனார், கண் சரியாகத் தெரியாது. படம் எடுத்தேன் என்று கேட்டதும் துண்டை உதறித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, இன்னும் ஒன்று எடுக்கிறீர்களா என்றார். ராமாயிகூட முடியைக் கோதிக்கொண்டாள். எதற்குப் படம் என்று கேட்டாள்.

காலண்டருக்கு என்றேன்.

"கலண்டருன்னா எத்தன பேரு பாப்பாங்க?"

கண்டி முழுக்கத் தொங்கும் என்றேன், பெருமையாக.

அவள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். "அப்ப எங்கள அழிச்சிருங்கய்யா" என்றாள்.

அதன் பிறகு சொன்னதை நான் சுருக்கமாகத்தான் எழுத முடியும். அவர்கள் இந்தத் தோட்டத்து ஆட்களே இல்லை. கீழே வேறொரு தோட்டம். கலவரத்தில் லயத்துக்கு, தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, தீ வைத்தார்கள். உடுத்த துணியோடு மலையேறி ஓடி வந்தார்கள். இங்கிருந்த வயசான காவல்காரர் பின்கதவைத் திறந்து விட்டுவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் இப்போது உயிரோடு இல்லை. கோபுரம் பூட்டிக் கிடக்கிறது என்றுதான் தோட்டத்து ஆபீஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது. தெரிந்தால் துரத்துவார்கள். கீழே கிராமத்துக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவள் சொல்லவில்லை, லயம் எரிந்த கதையையே இன்னொரு தடவை சொன்னாள். புருஷன் எங்கேயோ ரோட்டு வேலை, முடிகிறபோது அரிசியோடு வருவான்.

"பனி எறங்குனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்" என்றாள். "வெயில்ல பொகை தெரிஞ்சிரும்ல."

காலையிலிருந்து நானும் அவளும் ஒரே பனிக்காகத்தான் காத்திருந்திருக்கிறோம். எனக்குப் படம், அவளுக்குச் சோறு. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தோடு வெட்கமாக, அந்த ஃபிலிமைக் கொடுக்க எனக்கு மனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு நாள் வந்து எடுக்கலாமே என்றால், வானம் அப்படியே மூடிக்கொண்டுவிட்டது; நான் ஊர் திரும்பும்வரை மழை என்று வானொலியும் சொல்லியிருந்தது. நான் தயங்குவதை அவள் பார்த்தாள்.

"கிழிக்கச் சொல்லலங்க. நாங்க இல்லாத மாதிரி பண்ணிக் குடுங்க. பண்ணுனத ஒருக்கா எங்கிட்ட காட்டிருங்க. வேற எங்கயும் எங்க படம் இருக்கக் கூடாது."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கலர் ஃபிலிம் என்றால் கழுவக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அங்கே யார் கண்ணில் படும் என்று தெரியாது. ஆகவே அத்தானின் முன்யோசனைப்படி எடுத்தது கறுப்பு வெள்ளைதான். வண்ணத்தைப் பிரிண்ட்டின்மேல் நான் கையால் தீட்டுவதாக ஏற்பாடு. கழுவுவதற்குப் பேராதனையில் ஒரு யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் வீட்டுக்குப் போனோம். செடிகளைப் பற்றிப் படிப்பிப்பவர். கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, செடிகளை யார் பார்ப்பார்கள் என்று தான் மட்டும் தங்கிவிட்டார். இலைகளைப் படம் எடுப்பதற்காகக் குளியலறையை இருட்டறையாக்கியிருந்தார். அதனால் அவர் குளிப்பது விடுமுறை நாட்களில் மட்டும். அது அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும்.

முதல் பிரிண்ட் தட்டில் மெல்ல எழுந்து வந்தபோது விரிவுரையாளர் தட்டின்மேல் குனிந்தார். பிறகு, "ஐசே, இது கலண்டருக்குரிய படமில்லை. வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புங்கோ. பரிசு உங்களுக்குத்தான்" என்றார். நான் ஒன்றும் தெரியாதவன் போல் முகத்தை வைத்துக்கொண்டேன். இதே நினைப்பு மலையிலிருந்து இறங்கும்போதே என் கூட வந்துவிட்டது. நெகட்டிவை விட்டுவிட்டுப் பிரிண்ட்டில் மட்டும் அழித்தால் போதுமே. கலங்கரை விளக்கம் காலண்டருக்கு, ராமாயி எனக்கு. யாருக்குத் தெரியப் போகிறது?

அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருக்குக் கலை தெரியாது, ஆபத்து தெரியும். "யாரு இந்தப் பொம்பள? பொட்டு வச்சிருக்கு" என்றார். அரிசியளவு உருவம், அதில் பொட்டு எங்கே தெரிகிறது என்று கேட்டேன். தேடினால் தெரியும் என்றார். தேடுகிறவன் எதையும் கண்டுபிடிப்பான் என்பது அவருடைய அனுபவம். பொட்டை மட்டும் எடுத்துவிடு, பிறகு அது யாரோ ஒரு பெண் என்று ஒரு யோசனை சொன்னார்.

விரிவுரையாளர் இதில் கலந்துகொண்டார். "பொட்டை எடுத்தியளெண்டா விதவை. விதவையை எந்தச் சனம் வருசம் முழுக்கச் சுவரில மாட்டும்?"

அப்படியானால் சேலைக் கட்டைக் கண்டிக்காரிகள் கட்டுகிற மாதிரி மாற்றிவிடலாமா என்றார் அத்தான். அப்போது சிங்களப் பெண்ணைத் தமிழன் கடை விளம்பரத்துக்குப் போட்டான் என்று வரும் என்றார் விரிவுரையாளர். பேசாமல் ஆணாக்கிவிட்டால்? ஆண் அங்கே ஒளிந்து நின்று என்ன பார்க்கிறான், இயக்கத்துப் பையனா? படித்த ஒருவரும் பணம் படைத்த ஒருவரும், குளிக்காத குளியலறையில், சிவப்பு விளக்கடியில், அரிசியளவு பெண்ணை என்ன செய்வதென்று முக்கால் பொழுதைக் கழித்தார்கள். நான் ராமாயியின் கதையை இருவரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அவள் வேண்டாம் என்று ஏகமனதாக முடிவானது. சரி என்றேன்.

"ஆனா இந்தப் பொகை இருக்கட்டும் மாப்ள" என்றார் அத்தான். "ரொம்ப அழகா இருக்கு."

புகை இருந்தால் அடுப்பு இருக்கிறது. அடுப்பு இருந்தால் ஆள் இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல முடியாது. புகை படத்துக்குப் பொருந்தவில்லை என்றேன், நிழல் என்றேன், சமநிலை என்றேன். அவர் அசையவில்லை. அழகாக இருக்கிறது என்று அவர் எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கட்டடத்துல இருந்து புகை வர்ற படத்தையா அத்தான் உங்க கடைக் காலண்டர்ல போடப் போறீங்க?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். விரிவுரையாளர் குழாயைத் திறந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தார். இரண்டு தடவை தன் கடையை அப்படிப் பார்த்தவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது பலித்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "எடுத்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் நான் தனியாக உட்கார்ந்தேன். ரீடச் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: படத்தில் வெளுப்பாகத் தெரிவதை மறைக்க நெகட்டிவைப் பிளேடால் சுரண்ட வேண்டும், கறுப்பாகத் தெரிவதை மறைக்க நெகட்டிவின்மேல் மை பூச வேண்டும். நெகட்டிவில் செய்தது செய்ததுதான், திரும்பாது. பிரிண்ட்டில் செய்தால் நெகட்டிவ் பத்திரமாக இருக்கும். எது வசதி என்று எனக்குத் தெரியும். பிரஷ்ஷைப் பிரிண்ட்டின்மேல் கொண்டுபோனேன், ஒரு தடவை அல்ல. வேறு எங்கேயும் எங்கள் படம் இருக்கக் கூடாது என்று அவள் சொன்னது, எனக்கு ஒரு பரிசு கிடைத்தால் அது எந்தெந்தப் பத்திரிகையில் வரும் என்று அவள் அறிந்து சொன்ன மாதிரியே இருந்தது. கடைசியில், யாரையோ திட்டிக்கொண்டு, நெகட்டிவை எடுத்தேன்.

மையைத் தொட்டு அவளைப் பூசினேன். பின்னால் பனி இருந்ததால் வேலை சுலபம், அவளும் பனியாகிவிட்டாள். துணிகளையும் புகையையும் சுரண்டினேன். கோழி ஒரே பூச்சில் போனது. கிழவரைத்தான் எடுக்க நேரமாயிற்று, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தார். அவரை எடுத்த பிறகு திறந்த கதவு ஆளில்லாமல் பேய் மாதிரி தெரிந்தது. ஆகவே கதவையும் சாத்தினேன், பலகைக் கோடு, தாழ்ப்பாள் எல்லாம் வைத்து. நான் செய்த வேலைகளிலேயே திறமையான வேலை அதுதான். யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாத திறமை. புதுப் பிரிண்ட் போட்டு, வானத்துக்கு நீலமும் குளத்துக்குப் பச்சையும் தீட்டினேன். அத்தான் பூதக்கண்ணாடியால் மூலை மூலையாகத் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று நிம்மதியாகச் சொன்னார். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, நல்ல காரியம், நாசமாக்கிப் போட்டியள் என்றார். இரண்டும் சரிதான்.

பழைய பிரிண்ட்டை அடுப்பில் போட்டேன். அக்கா ஏன் என்று கேட்டாள். அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரு பையில் அரிசி, பருப்பு, மாசிக் கருவாடு, நெருப்புப் பெட்டி என்று போட ஆரம்பித்தாள். மேலே ஒரு பழைய கம்பளியையும் வைத்து அமுக்கினாள். தன் பொட்டுப் பாக்கெட்டை எடுத்து, யோசித்து, அதையும் போட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முன்பு இன்னும் ஒரு தடவை மலையேறுவது பாக்கி இருந்தது. ரஸீனிடம், லென்ஸ் மூடியை மலையில் விட்டுவிட்டேன் என்றேன். லென்ஸ் மூடிக்கு இத்தனை கனமான பை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பையைத் தானே தூக்கி வேனில் வைத்து, "மழ நாள்ல மேல ஏறுற ஆள் கொறவு சேர், பயமில்லாமப் போய்ட்டு வாங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. சாவடியில் சிப்பாய்க்கு அவன் படத்தைக் கொடுத்தேன். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் எங்களைச் சோதிக்க மறந்துவிட்டான். பை தப்பியது.

மழையில் ஏறினேன். மூட்டம் இருந்ததால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கோபுரத்துக்குள் நல்ல சூடு. ராமாயி பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் படத்தைத்தான் கேட்டாள். அடுப்பு வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். நடைக் கம்பி. துணி இருந்த இடம். புகை வருகிற இடுக்கு. கோழி மேய்ந்த இடம். விரல் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று நகர்ந்தது. வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. "நல்லா இருக்குங்கய்யா" என்றாள்.

கிழவர் மூலையிலிருந்து கையை நீட்டினார். அன்றைக்குப் போலவே துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டிருந்தார். படத்தை வாங்கி முகத்துக்கு ஒட்டப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கோபுரம் அவருக்குத் தெரிந்தது, குளம் தெரிந்தது. தன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"நாம எங்க புள்ள இருக்கோம் இதுல?" என்றார்.

ராமாயிதான் சொன்னாள்.

"உள்ள இருக்கோம் மாமா."

அவர் யோசித்தார். சரிதான் என்பது போல் தலையாட்டினார். படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கதவு சாத்தியிருக்கா, பாரு" என்றார்.

அவள் படத்தை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சாத்தியிருக்கு மாமா."